வேலையின்மை 3.5 சதவீதம் என்றால் என்ன? மாநில வேலைவாய்ப்புக் கணக்கைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

என் சித்தி வீட்டில் இரண்டு கறவை மாடுகள். விடிவதற்கு முன் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார். மத்தியானம் வரப்பில் புல் அறுப்பு, சாயங்காலம் மறுபடி பால். யாராவது "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டால், "வேலையா? வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார்.

கணக்கெடுக்க வருபவர் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போனால் சித்தி 'வீட்டு வேலை மட்டும்' என்ற கட்டத்தில் விழுவார். "மாடு இருக்கா? பால் விற்கறீங்களா?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அவர் ஒரு தொழிலாளி. அவர் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. மாநிலத்தின் பெண் தொழிலாளர் எண்ணிக்கையில் மட்டும் ஒன்று கூடிவிட்டது.

வேலைவாய்ப்பு அறிக்கை வெளிவரும்போதெல்லாம் செய்தித் தலைப்பு வேலையின்மை விகிதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆளுங்கட்சி அதைக் காட்டிப் பெருமைப்படும், எதிர்க்கட்சி அதையே காட்டித் திட்டும். என்னைக் கேட்டால், அந்த அறிக்கையில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அதுதான். எதை முதலில் பார்ப்பது, எந்த வரிசையில் போவது என்பதைத் தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் உதவும், வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறவர்களுக்கும் உதவும்.

முதல் படி: எந்தக் கணக்கு என்று பாருங்கள்

இந்தியாவில் மாநில வாரியாக வேலை நிலவரம் சொல்லும் முக்கியமான அரசுக் கணக்கு, காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. சுருக்கமாகப் பி.எல்.எஃப்.எஸ். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கீழ் 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதன் முதல் ஆண்டறிக்கை, 2017-18க்கானது, 2019 மே 31 அன்று வெளியானது.

அதற்கு முன் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கணக்கெடுப்பு நடத்திவந்தது. கடைசியாக நடந்தது 2011-12இல். 2011-12 எண்ணையும் 2017-18 எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஆறு ஆண்டில் இவ்வளவு மாற்றம்' என்று கோடு போடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானம் தேவை. பழைய முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது வசதியை வைத்துப் பிரித்தார்கள். புதிய முறையில், வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரித்தார்கள். போக்கு பார்க்கலாம், ஆனால் தசமப் புள்ளி வரை ஒப்பிடக்கூடாது.

இன்னொரு மாற்றம் 2025 ஜனவரியில் வந்தது. மாதிரியில் வரும் வீடுகள் சுமார் 1 லட்சத்திலிருந்து சுமார் 2.7 லட்சமாகக் கூடின. அகில இந்திய அளவில் மாதாமாதம் எண்கள் வர ஆரம்பித்தன. ஜூலை முதல் ஜூன் வரை இருந்த கணக்கு ஆண்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றானது. ஆகவே 2025 முதல் வரும் எண்ணையும் 2023-24 எண்ணையும் ஒரே வரைபடத்தில் வைப்பதாக இருந்தால் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று விகிதம், ஒரு தெரு

தெருவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். 55 பேர் வேலை செய்கிறார்கள். 5 பேர் வேலை தேடுகிறார்கள், அல்லது கிடைத்தால் போகத் தயாராக இருக்கிறார்கள். மீதி 40 பேர் படிக்கிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வயதானவர்கள்.

வேலை செய்கிறவர், தேடுகிறவர் இருவரையும் சேர்த்தால் 60. இந்த 60 பேர்தான் தொழிலாளர் படை. 100இல் அவர்கள் பங்கு தொழிலாளர் பங்கேற்பு விகிதம்: 60 சதவீதம். வேலை செய்கிறவர்கள் மட்டும் 55. இது தொழிலாளர் மக்கள்தொகை விகிதம்: 55 சதவீதம். வேலையின்மை விகிதத்துக்கு வரும்போது அடி எண் மாறிவிடுகிறது. அது 100இல் 5 அல்ல, 60இல் 5. அதாவது 8.3 சதவீதம்.

சரி, அடுத்த ஆண்டு அதே தெரு. வேலை தேடிய 5 பேரில் 3 பேர் அலைந்து அலுத்து, தேடுவதை விட்டுவிட்டார்கள். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. இப்போது கணக்குப் போடுங்கள்: தொழிலாளர் படையில் 57 பேர், தேடுகிறவர்கள் 2 பேர். வேலையின்மை 3.5 சதவீதம்! பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தலைப்புச் செய்திக்கு இது போதும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் எண்கள் மற்ற இரண்டும்தான். பங்கேற்பு 60லிருந்து 57க்கு இறங்கியிருக்கும், தொழிலாளர் விகிதம் 55லேயே நின்றிருக்கும். அதனால்தான் வேலையின்மை குறைந்தது என்று கேட்டவுடன் 'பங்கேற்பு என்ன ஆச்சு?' என்று நான் கேட்பேன்.

மூன்றாம் படி: ஓர் ஆண்டா, ஒரு வாரமா?

ஒரே அறிக்கையில் ஒரே மாநிலத்துக்கு இரண்டு வேலையின்மை விகிதங்கள் இருக்கும். இரண்டும் சரிதான், கேட்ட கேள்விதான் வேறு.

'வழக்கமான நிலை' என்பது கடந்த 365 நாட்களைப் பார்க்கிறது. பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்பது முதன்மை நிலை. அதில் வேலை இல்லாதவராக இருந்தாலும், ஆண்டில் 30 நாளாவது ஏதாவது வேலை செய்திருந்தால் துணை நிலையில் தொழிலாளியாகிவிடுவார். 'நடப்பு வார நிலை' கடந்த 7 நாட்களை மட்டும் பார்க்கிறது. அதில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும், அவர் வேலையில் இருப்பவர்.

2023-24இல் அகில இந்திய வேலையின்மை வழக்கமான நிலையில் 3.2 சதவீதம், வார நிலையில் 4.9 சதவீதம். வழக்கமான நிலையில் எண் சிறிதாக வருவதற்குக் காரணம் எளிது. ஓர் ஆண்டு முழுவதும் எந்த வேலையும் செய்யாமல் காத்திருக்க யாருக்குக் கட்டுப்படியாகும்? மாதாந்தர அறிக்கை வார நிலையில் வருகிறது, ஆண்டறிக்கைச் செய்தி பெரும்பாலும் வழக்கமான நிலையில் வருகிறது. இரண்டையும் கலந்து 'வேலையின்மை எகிறியது' என்று எழுதுவது மிக சுலபமாக நடக்கிற தவறு.

கொரோனா காலம் இதற்கு நல்ல உதாரணம். 2019-20 அறிக்கையில் வழக்கமான நிலை வேலையின்மை 5.8லிருந்து 4.8க்கு இறங்கியது. ஊரே முடங்கிய ஆண்டில் வேலையின்மை குறைந்ததா என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கணக்கு 2019 ஜூலையிலிருந்து 2020 ஜூன் வரை எடுக்கப்பட்டது. பெரும்பகுதி ஊரடங்குக்கு முந்தைய மாதங்கள், கேட்டதும் கடந்த 365 நாளைப் பற்றி. ஊரடங்கின் அடியைப் பார்க்க வேண்டுமானால் 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் நகர்ப்புற வார நிலை எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

நான்காம் படி: பெண்களின் வரிசையைத் தனியாகப் படியுங்கள்

அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மாநிலத்துக்கு மாநிலம் ஆண்களின் பங்கேற்பில் அவ்வளவு வேறுபாடு இருக்காது. கதை எல்லாம் பெண்கள் வரிசையில்தான்.

அகில இந்திய அளவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் 41.7. ஆறு ஆண்டில் 18 புள்ளிக்கு மேல் ஏற்றம். ஆண்கள் இதே காலத்தில் 75.8லிருந்து 78.8க்குத்தான் வந்தார்கள். கிராமப்புறப் பெண்கள் 24.6லிருந்து 47.6க்குப் பாய்ந்தார்கள், நகர்ப்புறப் பெண்கள் 20.4லிருந்து 28.0.

இது உண்மையான வேலையா, கேள்வி கேட்கும் விதம் மாறியதன் விளைவா, குடும்ப வருமானம் போதாமல் வயலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போனதா என்று பொருளாதார நிபுணர்களிடையே இன்னும் சண்டை. ஒரே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 11 சொந்தத் தொழில், 12 ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர், 21 குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர், 31 மாதச் சம்பளம், 51 கூலி, 81 வேலை தேடுபவர், 91 படிப்பவர். 92 வீட்டு வேலை மட்டும். 93 வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, தீவனம் சேகரிப்பது, வீட்டுக்குத் தைப்பது போன்றவற்றையும் செய்பவர்.

92, 93 இரண்டும் தொழிலாளர் படைக்கு வெளியே. 21 உள்ளே. புல் அறுத்துக்கொண்டு வந்து போடுவதோடு ஒரு பெண்ணின் பதில் நின்றால் 93. அந்தப் புல் தின்ற மாட்டின் பால் சொசைட்டிக்குப் போகிறது என்று தெரிந்தால் 21, சில நேரம் 11. கோடு அவ்வளவு மெல்லியது. அதனால் பெண்கள் பங்கேற்பு ஏறினால், அடுத்த அட்டவணைக்குப் போய் அந்த ஏற்றம் எந்தக் குறியீட்டில் விழுந்தது என்று பாருங்கள். நாடு முழுவதும் வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் 2017-18இல் 51.9 சதவீதம், 2023-24இல் 67.4. வேலை செய்யும் பெண்கள் மொத்தத்தில் சம்பளமில்லா உதவியாளர்கள் மட்டும் 2023-24இல் ஏறத்தாழ 37 சதவீதம். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 21லிருந்து சுமார் 16க்கு இறங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நூறு நாள் வேலை. இங்கே அதில் நடந்த மொத்த வேலை நாட்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள் செய்தவை. 30 நாள் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: நூறு நாள் வேலையில் ஒரு மாதக் கூலி வாங்கிய அம்மா, மீதி பதினோரு மாதம் வேறு வேலை இல்லாவிட்டாலும் வழக்கமான நிலையில் தொழிலாளிதான். வார நிலையில் கேட்டால், அந்த வாரம் வேலை நடந்ததா என்பதைப் பொறுத்தது. இரண்டு நிலைகளுக்கும் இடையே பெண்கள் எண்ணில் இடைவெளி பெரிதாக இருந்தால் காரணம் இங்கேயும் இருக்கலாம்.

இரண்டாவது, தொழிற்சாலை. 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள், நூற்பாலைகள், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் என்று கண்ணால் பார்க்கிறோம். ஆனால் இது மாநிலத்தில் உள்ள எல்லாப் பெண்களில் 43 சதவீதம் அல்ல. நாட்டின் ஆலைப் பெண்களே சுமார் 16 லட்சம்தான். மேடையில் இந்த எண்ணைச் சொல்லும்போது எது அடி எண் என்பது காற்றில் போய்விடுகிறது.

போகிற போக்கில் ஒன்று. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தது, பெண்கள் பங்கேற்பும் அதற்குப் பிறகு ஏறியது, ஆகவே பஸ்தான் காரணம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நிச்சயம் உதவியிருக்கும். ஆனால் இலவச பஸ் இல்லாத மாநிலங்களிலும் அதே காலத்தில் ஏறியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவு கட்ட முடியாது.

ஐந்தாம் படி: என்ன வேலை?

வேலை இருக்கிறது என்பது ஒரு சேதி, என்ன வேலை என்பது வேறு சேதி. அறிக்கை மூன்று வகையாகப் பிரிக்கும்: சுயதொழில், மாதச் சம்பளம், தினக்கூலி. நாடு முழுவதும் சுயதொழில் 2017-18இல் 52.2 சதவீதமாக இருந்து 2023-24இல் 58.4 ஆனது. வேலை செய்கிறவர்களில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19இல் 42.5 வரை இறங்கி, கொரோனாவுக்குப் பிறகு திரும்ப ஏறி 2023-24இல் 46.1இல் நிற்கிறது. வளரும் நாட்டில் விவசாயத்தை விட்டு ஆட்கள் வெளியேறுவதுதான் வழக்கம். திரும்பிப் போவது என்றால் வெளியே இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

மாதச் சம்பளம் என்று கேட்டவுடன் பி.எஃப், இ.எஸ்.ஐ. எல்லாம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2023-24இல் விவசாயம் அல்லாத துறைகளில் மாதச் சம்பளம் வாங்கியவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கும் பெண்ணும் இந்த வகைதான், வங்கி மேலாளரும் இதே வகைதான்.

ஆறாம் படி: இப்போது மாநிலங்களை ஒப்பிடலாம்

தமிழ்நாட்டின் வேலையின்மை, வழக்கமான நிலையில், 2017-18இல் 7.5. அப்புறம் வரிசையாக 6.6, 5.3, 5.2, 4.8, 4.3 என்று வந்து 2023-24இல் 3.5. பாதிக்கும் கீழே. இதை மட்டும் சொன்னால் பெரிய சாதனை. அகில இந்திய வரிசையைப் பக்கத்தில் வையுங்கள்: 6.0, 5.8, 4.8, 4.2, 4.1, 3.2, 3.2. நாடே இறங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாடு நாட்டு சராசரிக்கு மேலேதான் இருந்திருக்கிறது. இடைவெளி 1.5 புள்ளியிலிருந்து 0.3க்கு வந்திருக்கிறது என்பதுதான் மாநிலத்துக்கென்று சொல்லக்கூடிய சேதி. அதுவும் நேர்க்கோட்டில் வரவில்லை, 2022-23இல் இடைவெளி 1.1.

அடுத்து மற்ற மாநிலங்கள். 2023-24இல் மத்தியப் பிரதேசத்தில் வேலையின்மை 1.0, கேரளத்தில் 7.2, கோவாவில் 8.5. இந்த எண்களை வைத்துக் கேரளத்தை விட மத்தியப் பிரதேசத்தில் வாழ்வு சுகம் என்று யாராவது மூட்டை கட்டிக்கொண்டு போவார்களா? வேலைக்காகக் கேரளத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் அரிசிக்கு வழியில்லாதவர் வேலையில்லாமல் இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார், 'வேலையில் இருப்பவர்' ஆவார். பட்டம் படித்து, அப்பாவின் பென்ஷனோ அண்ணனின் வளைகுடாப் பணமோ இருக்கிற வீட்டுப் பையன்தான் நல்ல வேலைக்குக் காத்திருப்பான். கேரளத்தில் 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களில் வேலையின்மை ஏறத்தாழ 30 சதவீதம், நாட்டு சராசரி 10.2. படிப்பு வாரியான அட்டவணையும் இதையே சொல்லும்: எழுத்தறிவில்லாதவர்களிடையே வேலையின்மை அரை சதவீதம்கூட இல்லை, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே 6.5.

ஆகவே ஒப்பிடும்போது வேலையின்மையை இளைஞர், படிப்பு, பங்கேற்பு மூன்றோடும் சேர்த்தே வையுங்கள். பீகாரில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 4.1 சதவீதம்தான். நூறு பேரில் நான்கு பேர் மட்டும் களத்தில் இருக்கும்போது அவர்களில் எத்தனை பேருக்கு வேலையில்லை என்ற விகிதம் என்ன சொல்லிவிடும்?

புலம்பெயர்ந்தவர்களையும் மறக்கக்கூடாது. கணக்கு, ஆள் இப்போது வசிக்கும் இடத்தில்தான் எடுக்கப்படும். பீகாரிலிருந்து வந்து திருப்பூரில் குடியிருந்து தைக்கிறவர் தமிழ்நாட்டுக் கணக்கில் வருவார். அவர் ஊரில் வேலை கிடைக்காமல் போனது பீகாரின் வேலையின்மையில் தெரியாது.

ஏழாம் படி: வேறு கணக்குகள் வந்து குழப்பினால்

சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனமும் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறது. அதன் வரையறை கடுமையானது, வேலையை உண்மையிலேயே தேடியிருக்க வேண்டும், அதனால் பங்கேற்பு குறைவாகவும் வேலையின்மை அதிகமாகவும் வரும். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை 49.8 சதவீதம் என்று அது சொன்னது, புதுச்சேரிக்கு 75.8. புதுச்சேரி போன்ற சிறிய இடத்தில் கணக்கெடுக்கும் வீடுகளும் குறைவு, எண் தாவிக் குதிக்கும். லட்சத்தீவு, அந்தமான் எண்களைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை, அரசுக் கணக்கானாலும் சரி.

பி.எஃப். நிறுவனம் மாதாமாதம் நிகரச் சேர்க்கை (சேர்ந்தவர்களில் விலகியவர்களைக் கழித்த எண்) வெளியிடுகிறது. 'இந்த மாதம் இத்தனை லட்சம் புதிய வேலை' என்று அதைப் படிப்பது தவறு. இருபது ஆள் ஆனால் பி.எஃப். கட்டாயம் என்பதால், ஒரு கம்பெனியில் இருபதாவது ஆள் சேர்ந்ததும் பத்தொன்பது பழைய ஆட்களும் சேர்ந்தே பட்டியலில் ஏறலாம். அங்கே பதிவானது ஒரு புதிய வேலை, மீதி பத்தொன்பதும் பழைய வேலைக்குக் கிடைத்த காகிதம். காகிதம் கிடைப்பதும் நல்லதுதான், ஆனால் அது வேறு சேதி.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் அப்படியே. 2023இல் தமிழ்நாட்டில் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பேர் சும்மா இருக்கிறார்களா? இல்லை. நம் ஊரில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வந்தவுடன் பதிந்துவிடுவது வழக்கம். கல்லூரியில் படிப்பவர், தனியார் கம்பெனியில் இருப்பவர், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்கும் நாற்பது வயதுக்காரர் எல்லாரும் அதில் உண்டு. அரசு வேலைமீது இருக்கும் ஆசையின் அளவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எட்டாம் படி: சதவீதத்தைத் தலையெண்ணாக மாற்றும்போது

'தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். மாதிரிக் கணக்கெடுப்பு விகிதத்தை நன்றாகச் சொல்லும், மொத்த மக்கள்தொகையைக் குறைத்துக் காட்டும். ஆகவே அதன் தலையெண்ணை நேராக எடுக்காமல், விகிதத்தை மட்டும் எடுத்து மக்கள்தொகை மதிப்பீட்டோடு பெருக்க வேண்டும். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது, அப்போது தமிழ்நாடு 7.21 கோடி. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வரும்வரை எல்லாரும் கைக்கொள்வது உத்தேச மதிப்பீட்டைத்தான். பெருக்கும்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுங்கள். முதலில் பங்கேற்பால் பெருக்கி, வந்த விடையை வேலையின்மையால் பெருக்க வேண்டும். நேரடியாக மொத்த மக்கள்தொகையை 3.5 சதவீதத்தால் பெருக்கிவிட்டால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

அறிக்கைகள் புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே அமைச்சகத்தின் இ-சாங்கியிகி தரவுத் தளத்தில் மாநிலம், ஆண்டு, ஆண்-பெண் என்று தேர்ந்தெடுத்து அட்டவணையாகவே எடுக்கலாம். கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் பெயர் நீக்கப்பட்ட வீட்டு வாரியான தரவையே பதிவிறக்கலாம். அப்படி எடுத்தால் முதலில் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்களை மட்டும் வடிகட்டி, 21, 92, 93 மூன்றிலும் ஆண்டுக்கு ஆண்டு எத்தனை பேர் என்று பாருங்கள். சித்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று நான் தேட ஆரம்பித்ததும் அங்கேதான்.